கிதாஹாமா பெல்ட்டின் எடை

ஹாச்சினோஹே துறைமுகத்தின் கிதாஹாமா மல்யுத்தக் குழுவுக்குச் சொந்தமான ஜூனியர் ஹெவிவெயிட் பெல்ட், 1979ஆம் ஆண்டு செய்து முடித்த அன்று நான்கு கிலோ இருநூறு கிராம் இருந்தது; நாற்பது ஆண்டுகள் கழித்து ஐம்பத்தாறு கிலோ இருந்தது. இடையில் யாரும் அதில் ஒரு தகட்டையோ ஆணியையோ சேர்க்கவில்லை. தோல் அதே தோல். நடுவில் பதித்த பித்தளை அதே பித்தளை, அதில் செதுக்கிய கணவாயின் கைகள் அன்றும் பத்து, இன்றும் பத்து. மீன்வளம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஒருமுறை வந்து நீளம், அகலம், தடிமன் எல்லாம் அளந்தார். எல்லாம் முதல் நாள் இருந்தபடியே இருந்தன. எடை மட்டும்தான் வேறு. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மழை வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மழை வந்தது.

பெல்ட்டைப் புரிந்துகொள்ள முதலில் தராசைப் புரிந்துகொள்ள வேண்டும். குழுவைத் தொடங்கியவர் ருயிகே. அதன் பேருந்தை ஓட்டுபவரும், மேடையேறிப் பெயர்களை அறிவிப்பவரும் அவரே. ஜூனியர் ஹெவிவெயிட் என்பது மலை போன்ற ஆட்களுக்குக் கீழே உள்ள பிரிவு. இவர்கள் மேடையைச் சுற்றிய கயிற்றின் மேலேறிக் குதிப்பார்கள், பறப்பார்கள், ஆகவே உடம்புக்கு ஒரு வரம்பு வேண்டும். வரம்பு எவ்வளவு என்று தோக்கியோவில் விசாரித்தபோது ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். குழுவிடம் அப்போது தராசும் கிடையாது. ருயிகே மீன் சந்தைக்குப் போனார். அங்கே கவராகி குடும்பத்தின் கணவாய்க் கொட்டகையில் ஒரு மேடைத் தராசு இருந்தது. அதன் வட்ட முகத்தில் நூற்றிருபது வரை எண்கள், நூறில் ஒரு சிவப்புக் கோடு. முள் அந்தக் கோட்டைத் தாண்டினால் பெட்டியை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது என்பது சந்தை விதி. ருயிகே சிவப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, நூறு கிலோ என்று எழுதிக்கொண்டார். ஒருவர் தனியாகத் தூக்கி எறியக்கூடிய உடம்பு என்பது நியாயமான வரம்பாகவே அவருக்குப் பட்டது.

தராசோடு அதைப் படிப்பவரும் வந்தார். கவராகி ஃபுமியே அந்த வீட்டின் ஒரே மகள், அப்போது இருபத்திரண்டு வயது. படகுக்காரர்களும் ஏலக்காரர்களும் எதற்கெடுத்தாலும் சண்டை போடும் சந்தையில், ஃபுமியே ஓர் எடையைச் சொல்லிவிட்டால் இரண்டாவது முறை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சொந்த மாமாவின் பெட்டியையும் அடுத்த ஊர்க்காரன் பெட்டியையும் ஒரே குரலில் படிப்பவர். ஆட்டம் நடக்கும் நாளில் தராசை ஒரு சிறு லாரியில் ஏற்றி விளையாட்டு அரங்குக்குக் கொண்டுபோவார்கள். ஃபுமியே ரப்பர் பூட்சோடு அதன் பக்கத்தில் நின்று மல்யுத்த வீரர்களைப் படிப்பார்.

முதல் சாம்பியன் கொமுகாய் தெட்சுஜி. கணவாய்ப் படகில் வலை இழுத்தவர், பேச்சு குறைவு. எட்டுப் பேர் மோதிய போட்டியில் வென்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டார். பட்டத்தைக் காக்கும் முதல் ஆட்டத்துக்கு எடை பார்க்க வந்தபோது, அரைக்கால் சட்டையின் மேல் பெல்ட்டைக் கட்டியபடியே தராசில் ஏறி நின்றார். அவர் உடம்பு தொண்ணூற்றேழு. பெல்ட்டோடு சேர்த்து முள் நூற்றொன்று இருநூறில் நின்றது. பெல்ட்டைக் கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சாம்பியனாயிற்றே, காரணம் இல்லாமலா கட்டியிருப்பார் என்று ருயிகே நினைத்தார். ருயிகே பேசாமல் இருப்பதால் இதுதான் முறை போலும் என்று நடுவர் நினைத்தார். இவர்கள் இருவரும் சும்மா இருக்கும்போது எடை படிக்க வந்த பெண் குறுக்கே பேசக் கூடாது என்று ஃபுமியே நினைத்தார். ஆகவே உள்ளதைப் படித்தார். "நூத்தி ஒண்ணு, எரநூறு. ஒண்ணேகால் கிலோ கிட்ட எறக்கணும்." கொமுகாய் இறங்கி, படகு உடுப்பை மாட்டிக்கொண்டு, படகுத்துறையில் நான்கு மணி நேரம் ஓடினார். மாலையில் முள் நூறில் நின்றது. அன்றிலிருந்து கிதாஹாமாவில் சாம்பியன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் எடை காட்ட வேண்டும் என்றாயிற்று. அதை யாரும் சட்டமாக எழுதவில்லை; எழுத வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை தராசைச் சந்தைக்குத் திருப்பி அனுப்பும்முன், முள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஃபுமியே பெல்ட்டை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தார். ஐந்து கிலோ நானூறு. முந்தின நாள் நான்கு இருநூறு. கொமுகாய் ஓடி இறக்கியது ஒன்று இருநூறு.

"தராசு கெட்டுப்போச்சா?" என்று ருயிகே கேட்டார்.

"தராசு கெடல. அந்தாளோட வேர்வ இங்க வந்து உக்காந்திருக்கு."

"நேத்தே வந்திருந்தா முள்ளு எறங்கியிருக்காதே."

"நேத்து வரல. எங்கயோ சுத்திட்டுக் காலைல வந்திருக்கு. எங்க போச்சுன்னு என்னக் கேக்காதீங்க தலைவரே, தராசுல ஏறாதது எதயும் நான் படிக்கிறதில்ல."

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பொறுமையாகப் பார்த்தால் அழகானது. கொமுகாய் இழந்த எடை எவ்வளவு சாப்பிட்டாலும் அவரிடம் திரும்பி வரவில்லை. அவர் உடம்பு தொண்ணூற்றைந்து எண்ணூறிலேயே நின்றது. பெல்ட் அதே அளவு கூடியிருந்தது. ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு அவர் பெல்ட்டோடு ஏறியபோது முள் மறுபடியும் நூற்றொன்று இருநூறு காட்டியது. மறுபடியும் ஒன்று இருநூறை ஓடி இறக்கினார். அது மறுநாள் காலை பெல்ட்டுக்கு வந்து சேர்ந்தது. மூன்றாவது ஆட்டத்துக்கும் நூற்றொன்று இருநூறு. மனிதரும் பெல்ட்டும் சேர்ந்து ஒரே எடை, மனிதர் தேயத் தேய பெல்ட் வளர்ந்தது. நான்கு ஆண்டுகளில் பதினோரு முறை பட்டத்தைக் காத்தார். எடை பார்த்து முடிந்ததும் ஃபுமியேயும் அவரும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, கோதுமை வில்லைகள் ஊறிய கோழிக் குழம்பைச் சாப்பிடுவார்கள். கொமுகாய் குழம்பை ஃபுமியேயின் கிண்ணத்துக்கு ஊற்றிவிட்டு ஒரே ஒரு வில்லையைத் தின்பார். இவர்கள் திருமணம் வசந்தத்திலா இலையுதிர்காலத்திலா என்பதுதான் சந்தையில் பேச்சாக இருந்தது.

1983ஆம் ஆண்டு நவம்பரில் பன்னிரண்டாவது ஆட்டம். கொமுகாய் எண்பத்துமூன்று எண்ணூறு, பெல்ட் பதினேழு நானூறு. அன்று பனியும் மழையும் கலந்து கொட்டியதால் படகுத்துறையில் ஓட முடியவில்லை. பொதுக்குளியல் வீட்டின் கொதிநீரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். தொள்ளாயிரம் கிராம் இறங்கியது. மீதி இறங்கவில்லை. அரங்கில் எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொமுகாய் தராசில் ஏறி, முள்ளைப் பார்க்காமல் ஃபுமியேயைப் பார்த்தார். ருயிகே முள்ளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதைத் தீட்டி நின்றார். அதாவது ஃபுமியே நூறு என்று சொல்லியிருந்தால் அது நூறாகவே இருந்திருக்கும், அந்த ஊரில் அதை மறுக்க ஆள் கிடையாது. ஃபுமியே எப்போதும் படிக்கும் குரலில் படித்தார்.

"நூறு, முந்நூறு."

எடை தாண்டிய சாம்பியனின் பட்டம் பறிபோகும். கொமுகாய் யாரிடமும் தோற்காமலே பட்டத்தை இழந்தார். இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றித் தராசின் மேலேயே வைத்துவிட்டு அரங்கை விட்டு வெளியே போனார். அதன்பின் மல்யுத்தத்தை விட்டு, பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி முப்பத்தாறு ஆண்டுகள் குடியிருந்தார். அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் ஃபுமியேயோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இருவருமே வேறு யாரையும் மணக்கவில்லை. அன்று பெல்ட்டைக் குழுவின் அலுவலகத்துக்குத் தூக்கிச் சென்றவர் ஃபுமியே. பத்து நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரம். அவர் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆயிற்று; கண்கள் சிவந்திருந்தன. மறுநாள் காலை பெல்ட் பதினெட்டு முந்நூறு இருந்திருக்க வேண்டும். பதினெட்டு அறுநூறு இருந்தது. ஃபுமியே அதை எடைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தார். அந்த அதிகப்படி முந்நூறு எங்கிருந்து வந்தது என்று ருயிகே கேட்கவில்லை.

பட்டத்தின் மீதி வரலாறு சிறுத்துக்கொண்டே போன மனிதர்களின் வரலாறு. பெல்ட்டைச் சேர்த்து நூறுக்குள் நிற்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு சாம்பியனும் முந்தினவரைவிட ஒல்லியாக வர வேண்டியிருந்தது. இரண்டாமவர் எண்பதுக்குக் கொஞ்சம் மேல். நான்காமவர் எழுபத்துமூன்று, நல்ல பாட்டுக்காரர், பிற்பாடு கடலில் இறந்துபோனார். ஏழாமவர் அறுபது, தபால் ஊழியர். எல்லோரும் பெல்ட்டில் தங்கள் பங்கை விட்டுவிட்டுப் போனார்கள். ஒருமுறை இழந்தவர் யாரும் திரும்பப் பட்டத்தை வென்றதில்லை, ஏனென்றால் அதற்குள் பெல்ட் இன்னும் கனத்திருக்கும். எடை குறையக் குறைய அவர்கள் கயிற்றின் மேலிருந்து குதித்தால் காற்றில் நிற்கும் நேரம் கூடியது. நான்காமவர் நான்கு விநாடி நின்றார். ஏழாமவர் ஒன்பது விநாடி. பத்தாமவர் குதித்தால் பார்வையாளர்கள் ஒரு சோற்றுருண்டையைப் பிரித்துத் தின்று முடித்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள், அவர் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருப்பார். கீழே படுத்திருக்கும் எதிராளி அவர் வரும்வரை அசையாமல் காத்திருப்பது மரியாதை. இதைப் பார்க்க அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெல்ட்டைத் தூக்க முதலில் ஒருவர் போதும், பிறகு இருவர், கடைசியில் கணவாய்ப் பெட்டி தள்ளும் வண்டி.

பன்னிரண்டாம் சாம்பியன் தனாபு. குதிரைப் பந்தய லாயத்தில் பயின்று, அங்கே தேறாமல் இங்கே வந்த சிறிய மனிதர், வாய் மட்டும் பெரியது. 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் கடைசியாகப் பட்டத்தைக் காத்த மறுநாள் பெல்ட் ஐம்பத்தாறு ஆயிற்று. அடுத்த ஆட்டத்துக்கு முன் தனாபுவின் முழங்கால் சவ்வு கிழிந்தது. இவர்களின் வழக்கப்படி, ஆறு மாதம் பட்டத்தைக் காக்க முடியாத சாம்பியன் பெல்ட்டைத் தலைவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவரும் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். காலியான பட்டத்துக்கு இருவர் மோத வேண்டும், இருவரும் பெல்ட்டோடு நூறுக்குள் நிற்க வேண்டும். முழங்கால் தேறியபின் தனாபு நாற்பத்துமூன்று எண்ணூறு இருந்தார். இரண்டாவது ஆளாக, நாற்பத்துநான்குக்குள் மல்யுத்தம் தெரிந்த மனிதர் வட ஜப்பானில் யாரும் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் பெல்ட்டைக் கோயிலில் வைத்துப் பூட்டிவிடுவது என்று ருயிகே முடிவு செய்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் கொமுகாய் மருத்துவமனையில் கிடந்தார். வயிற்றில் கட்டி. அறுத்து எடுத்துவிடக்கூடிய இடத்தில்தான் இருந்தது, ஆனால் எண்பத்திரண்டு கிலோ இருந்த மனிதர் நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தார். ஐம்பது கிலோவாவது இருந்தால்தான் கத்தி வைக்க முடியும், இல்லையென்றால் மேசையிலேயே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் வழியாக ஊட்டிப் பார்த்தார்கள். முள் நகரவில்லை. ருயிகே ஒரு பை நிறைய ஆப்பிளோடு பார்க்கப் போனவர், படுக்கையோரம் தொங்கிய அட்டையில் நாற்பத்தொன்று என்று இருந்ததைப் படித்துவிட்டு, ஆப்பிளைக் கொடுக்க மறந்து நின்றார்.

"என்ன தலைவரே, பொணத்தப் பாத்த மாதிரி நிக்கிறீங்க? இன்னும் ரெண்டு மாசம் இருக்கு," என்றார் கொமுகாய்.

"கொமுகாய், நீ நாப்பத்தியொண்ணு."

"தெரியும். அதான் கத்தி வெக்க மாட்டேங்கிறான்."

"பெல்ட்டு அம்பத்தாறு."

கொமுகாய் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு, "அதுல பதினாலு கிலோ நூறு கிராம் என்னோடது," என்றார்.

"இதுவரைக்கும் அது யாருக்கும் திருப்பிக் குடுத்ததில்லயேப்பா."

"யாராவது ரெண்டாவது தடவ போய்க் கேட்டாங்களா?"

ருயிகே நாற்பது ஆண்டுகளையும் மனதில் ஓட்டிப் பார்த்தார். யாரும் கேட்டதில்லை. நாற்பத்தொன்றோடு பதினான்கைக் கூட்டினால் ஐம்பத்தைந்து. டாக்டர் முதலில் மறுத்தார், பிறகு நான்கு மணி நேரம் வெளியே போக அனுமதித்தார். கயிற்றின் மேல் ஏறக் கூடாது, குளிர் படக் கூடாது, வெறும் வயிற்றில் மோதக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

எடை பார்க்கும் இடத்தில் அதே தராசு, அதே ரப்பர் பூட்ஸ். ஃபுமியேக்கு அறுபத்திரண்டு வயது, கொமுகாய்க்கு அறுபத்தேழு. இரண்டு பேர் பெல்ட்டைத் தாங்கிப் பிடித்து அவர் இடுப்பில் கட்டினார்கள். பிடியை விடப் பயந்து அப்படியே நின்றார்கள். முள் எழுபதில் ஆடியது.

"கைய எடுங்க ரெண்டு பேரும்," என்றார் ஃபுமியே.

"எடுத்தா அவர் உக்காந்துருவாரு ஃபுமியே சான்."

"நீங்க புடிச்சுக்கிட்டிருந்தா நான் யார் எடையப் படிக்கிறது? எடுங்க."

எடுத்தார்கள். கொமுகாய் மூன்று விநாடி நின்றார், தராசுக்கு அது போதும். "தொண்ணூத்தியேழு," என்று ஃபுமியே படித்தார். கொமுகாய் இந்த முறையும் முள்ளைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தனாபு பெல்ட்டோடு தொண்ணூற்றொன்பது எண்ணூறு.

மேடையில் நடக்கப்போவதை இவர்கள் முன்பே பேசிக்கொள்வார்களா என்று ஹாச்சினோஹேயில் யாரும் கேட்பதில்லை. அது பிறர் வீட்டுச் சமையலறைக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். நடந்தது இது. மணி அடித்ததும் தனாபு குனிந்து வணங்கினார். "அண்ணே, மன்னிச்சுக்கங்க, எனக்கு மெதுவா அடிக்கத் தெரியாது," என்றார். "எனக்கு வேகமா நகரத் தெரியாது, சரியாப் போச்சு," என்றார் கொமுகாய். நான்கு நிமிடங்கள் ஒருவர் கையை ஒருவர் முறுக்கினார்கள். பிறகு தனாபு அவரைத் தோளால் இடித்துப் படுக்க வைத்துவிட்டு, மூலைக் கம்பத்தில் ஏறி, கைகளை விரித்துக் குதித்தார். நாற்பத்துமூன்று எண்ணூறு கிலோ மனிதர், அரங்கின் கூரைவிளக்குக்கு ஒரு முழம் கீழே போய் நின்றார். ஐந்து விநாடி, எட்டு விநாடி. "டேய் தனாபு, எறங்கு, என் டீ ஆறுது!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். "சலூன் காத்தாடி மாதிரி சுத்தாத, குதிச்சா எறங்கணும்!" என்றார் இன்னொருவர். பன்னிரண்டாவது விநாடியில் கொமுகாய் ஒரு முழங்கையை ஊன்றினார். வழக்கப்படி அவர் அசையாமல் காத்திருக்க வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகளாகக் காத்திருந்தது போதும் என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். பதினைந்தில் இன்னொரு முழங்கை. பதினெட்டாவது விநாடியில் ஓர் உருள் உருண்டார். பத்தொன்பதாவது விநாடியில் தனாபு காலியான தரையில் வயிறு பட விழுந்து மல்லாந்தார். கொமுகாய் அவர் மேல் குறுக்கே சாய்ந்தார். நடுவர் தரையை மூன்று முறை தட்டினார். பட்டத்தை இரண்டாம் முறை வென்ற முதல் மனிதர் என்று ருயிகே அறிவித்தபோது அவர் குரல் உடைந்தது, ஒலிபெருக்கி சரியில்லை என்று பிற்பாடு சொன்னார்.

புதிய சாம்பியன் பெல்ட்டோடு உறங்க வேண்டும் என்பது முதலிலிருந்தே இருந்த வழக்கம். வண்டியில் வைத்து மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போய், படுக்கையில் அவர் வயிற்றின் குறுக்கே போர்வைக்கடியில் வைத்தார்கள். காலையில் செவிலி வந்து பார்த்தபோது போர்வை நனைந்திருந்தது. நோயாளிக்கு வியர்க்கவில்லை, அவர் உடம்பு உலர்ந்திருந்தது. வியர்த்திருந்தது பெல்ட். பித்தளைக் கணவாயின் பத்துக் கைகளிலும் துளித்துளியாக நீர் நின்றது. எடை பார்த்தார்கள். கொமுகாய் நாற்பத்திரண்டு இருநூறு. ஃபுமியேயின் தராசை மருத்துவமனைக்கு வரவழைத்தார்கள். பெல்ட் ஐம்பத்துநான்கு எண்ணூறு. மறுநாளும் ஒன்று இருநூறு இடம் மாறியது, அதற்கு மறுநாளும். முதல் நாள் காலையில் அவருக்கு இடது தோள் வலித்தது, இரண்டாம் நாள் கணுக்கால். பழைய ஆட்டங்களில் எந்த வரிசையில் அடிபட்டாரோ அதே வரிசையில். எட்டாம் நாள் காலை ஐம்பது அறுநூறு வந்ததும் டாக்டர் கத்தியைத் தயார் செய்யலாம் என்றார். கொமுகாய் இன்னும் நான்கு நாள் கேட்டார். பதினொன்றாம் நாள்வரை ஒன்று இருநூறு. பன்னிரண்டாம் நாள் தொள்ளாயிரம். அதோடு பெல்ட் உலர்ந்துவிட்டது, ஒரு கிராம்கூட அதிகமாகத் தரவில்லை. கொமுகாய் ஐம்பத்தைந்து நூறு, பெல்ட் நாற்பத்தொன்று தொள்ளாயிரம். மறுநாள் வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள், மூன்று மணி நேரம் ஆயிற்று. தராசு அங்கிருந்த பன்னிரண்டு நாளும் ஃபுமியே வந்து படித்துவிட்டுப் போனார். ஃபுமியே எண்ணைச் சொன்னதோடு சரி, கொமுகாய் வாயே திறக்கவில்லை என்று செவிலி சொன்னார்.

பனி உருகியதும் கொமுகாய் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார். குழம்பில் ஊறிய கோதுமை வில்லைகளை இப்போது நான்கு, ஐந்து என்று தின்றார். பட்டத்தைக் காக்கும் ஆட்டத்தை ஜூன் மாதத்துக்குக் குறித்தார்கள். தனாபுதான் மறுபடியும் எதிராளி. எடை பார்க்கும் நேரத்தில் கொமுகாய் பெல்ட்டைத் தானே கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்து, தராசில் ஏறினார். ஃபுமியே படித்தார்.

"நூறு, முந்நூறு."

ருயிகே கண்ணை மூடிக்கொண்டார். அங்கிருந்த வயதானவர்கள் எல்லோருக்கும் 1983 நினைவுக்கு வந்தது. கொமுகாய் முப்பத்தேழு ஆண்டுகளில் முதல்முறையாக ஃபுமியேயிடம் பேசினார்.

"ஃபுமியே சான், இதக் கழட்டிட்டு நிக்கலாமா?"

"யாரு கழட்ட வேணாம்னு சொன்னா?"

"நீங்கல்லாம்தான் சும்மா இருந்தீங்க."

"நீதான கட்டிக்கிட்டு வந்து ஏறுன. சாம்பியன், ஏதோ காரணமிருக்கும்னு இருந்தோம்."

கொமுகாய் தலையைச் சொறிந்தார். "காரணம் இருந்துச்சு. அன்னைக்கி அரைக்கால் சட்டையோட எலாஸ்டிக் அறுந்துபோச்சு. பெல்ட்டக் கழட்டுனா அது கீழ வந்திரும். நீ பக்கத்துல நின்ன."

"அப்ப அடுத்த ஆட்டத்துக்கு?"

"புது எலாஸ்டிக் போட்டேன். ஆனா அதுக்குள்ள எல்லாரும் அதுதான் மொறைன்னுட்டாங்க. நான் என்னன்னு சொல்றது?"

சுவரில் சாய்ந்து நின்ற தனாபு அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். "அண்ணே, எட்டு வருஷமா நான் சோறு தின்னலண்ணே," என்றார். ருயிகே சட்டப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். எடை நூறைத் தாண்டக் கூடாது என்று இருந்தது, சாட்சிகள் முன் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பெல்ட்டோடு என்று எங்கும் இல்லை. கொமுகாய் கொக்கியை விடுவித்தார், நான்கு பேர் வந்து பெல்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அரைக்கால் சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. "அம்பத்தெட்டு, நானூறு," என்று ஃபுமியே படித்தார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, ஆனால் தராசின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அவர் சிரித்து அந்தச் சந்தைக்காரர்கள் பார்த்ததில்லை.

அன்று மாலை தனாபு பட்டத்தை மீட்டார். அந்த வாரமே தன் இரண்டு கிலோவைத் திரும்பப் பெற்று, துறைமுகத்திலுள்ள எல்லாச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வரிசையாகப் போனார். செய்தி பரவியதும் பழைய சாம்பியன்கள் ஒவ்வொருவராக வந்து சவால் விட்டார்கள். தபால்காரர், ரயில் நிலையத்தில் பொட்டலச் சோறு விற்பவர், பேரன் பிறந்துவிட்ட இரண்டாமவர். அதற்கடுத்த பதினான்கு மாதங்களில் பட்டம் பத்துமுறை கைமாறியது. வேறெங்கும் இல்லாத இந்த அவசரத்தைப் பார்த்து மல்யுத்தப் பத்திரிகைக்காரர்கள் குழம்பினார்கள். இறந்துபோன நான்காமவருக்காக அவர் மனைவி புகைப்படத்தோடு மேடையேறினார். அப்போதைய சாம்பியன் மரியாதையோடு மல்லாந்து படுத்துக்கொள்ள, அந்த அம்மாள் படத்தை அவர் மார்பின் மேல் வைத்தார், நடுவர் மூன்று தட்டினார். பெல்ட்டை வீட்டு வழிபாட்டு மாடத்தின் கீழே வைத்துவிட்டுப் படுத்தார். ஐந்தாம் நாள் காலையில், படம் மாட்டியிருந்த ஆணி சுவரோடு பிடுங்கிக்கொண்டு விழுந்திருந்தது. படம் ஐந்து கிலோ கனத்தது. தச்சரை வரவழைத்து இரும்புத் தாங்கி அடித்து மறுபடி மாட்டினார்கள்.

எல்லோரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் ஃபுமியே பெல்ட்டைத் தராசில் வைத்தார். நான்கு கிலோ இருநூறு இருக்க வேண்டும். நான்கு ஐந்நூறு இருந்தது. ருயிகே பன்னிரண்டு பேரின் கணக்கையும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார், யாருடையதும் விட்டுப்போகவில்லை. அந்த முந்நூறு கிராமுக்கு உரியவர் யாரும் வரவில்லை. ருயிகே எடைக் குறிப்பேட்டில் 1983 நவம்பரின் பக்கத்தைப் புரட்டி, அங்கே ஃபுமியேயின் கையெழுத்தில் இருந்ததைப் படித்து, பத்து நிமிடப் பாதைக்கு ஒரு மணி நேரம் ஆனதை நினைத்துப் பார்த்து, புத்தகத்தை மூடினார்.

"ஃபுமியே சான், ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்க. யாராவது படுத்துக்குவாங்க. உங்களுக்கு உள்ளது உங்களுக்கு வந்துரும்," என்றார்.

ஃபுமியே கொட்டகைக்குப் பின்பக்கம் பார்த்தார். அங்கே கொமுகாய் இரண்டு கிண்ணங்களில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார், இரண்டிலும் ஒரே அளவு.

"இருக்கட்டும்," என்றார் ஃபுமியே. "அது இல்லாம நான் நல்லாத்தான் இருக்கேன்."

பெல்ட்டின் எடை நான்கு கிலோ ஐந்நூறு என்று சட்டப் புத்தகத்தில் திருத்தி எழுதினார்கள். அதன்பின் அது கூடவுமில்லை, குறையவுமில்லை. இப்போதைய சாம்பியன் தொண்ணூற்றெட்டு கிலோ; கயிற்றின் மேலிருந்து குதித்தால் ஒன்றரை விநாடியில் கீழே வந்துவிடுகிறார்.